திருமதி பென்னட்டைப் பார்த்துச் சிரிக்கலாமா?



ஆண்டு மலரின் பழைய மாணவியர் பக்கத்துக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, உங்களுக்குப் பிடித்தமான பொருளையே எடுத்துக்கொள்வோம் என்று எண்ணினேன். பள்ளி விட்டுச் செஞ்சி பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்களின் பேச்சைச் சற்றே காதில் வாங்கினால், தேர்வு, கணக்கு, வீட்டுப்பாடம் இவற்றுக்கு நடுவே டார்சி என்ற பெயரும் அடிபடுகிறது! இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகள் எழுதிய கதை இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் புத்தகம் அன்று, தொலைக்காட்சித் தொடர்களே. இப்போது அவை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன.

பாருங்கள், வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. நல்ல நடிப்பு, கண்ணியமான உடை, காதில் இனிமையாக விழும் ஆங்கிலம் ஆகியவற்றை ஒருங்கே தரும் நிகழ்ச்சிகள் சின்னத்திரையில் எத்தனை இருக்கின்றன? ஆனால் இத்தொடர்கள் நம்மைச் சிரிக்க வைக்கும் ஓரிடத்தில் நான் சிரிக்க மறுக்கிறேன். அதைப் பற்றியே இக்கட்டுரை.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1775-ல் பிறந்து 1817-ல் மறைந்தவர். அவர் முழுமையாக எழுதிய நாவல்கள் ஆறு. ஆறிலும் ஒரு பெண்ணுக்கு மணமகன் அமைவதே கதை. அவற்றுள் 1813-ல் வெளிவந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' எத்தனையோ முறை திரைக்கு வந்துவிட்டது. பி.பி.சி. நிறுவனம் 1980-ல் ஒரு முறையும், 1995-ல் ஆறு பகுதிகளாக இன்னொரு முறையும் அதைத் தொடராக்கியது. நம் தூர்தர்ஷனும் பின்தங்கவில்லை. 1985-ல் 'த்ரிஷ்ணா' என்ற பெயரில் அதே கதை இந்தித் தொடராக வந்தது. இந்தி அறியாத நம் பக்கத்தில் அதை நினைவு வைத்திருப்போர் சிலரே. உலகெங்கும் பேர் வாங்கியது 1995-ஆம் ஆண்டுத் தொடர்தான். அதில் டார்சியாக நடித்த காலின் ஃபர்த் குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எழுந்து வருவாரே, அந்தக் காட்சி நாவலில் கிடையாது. தொடரை எழுதியவர் சேர்த்தது அது. சேர்த்ததை நாம் மறக்கவில்லை. நாவலில் உள்ள வேறொன்றைக் கவனிக்கவும் இல்லை.

திருமதி பென்னட்டைத்தான் சொல்கிறேன். ஐந்து பெண்களின் தாய். தொடர்களில் அவர் வாயைத் திறந்தாலே நமக்குச் சிரிப்பு வருகிறது. 1995 தொடரில் அலிசன் ஸ்டெட்மன் என்ற நடிகை கீச்சுக்குரலில் கத்துகிறார், கைக்குட்டையை ஆட்டுகிறார், நரம்பு தளர்ந்துவிட்டது என்று படுத்துக்கொள்கிறார். புதிதாக ஒரு பணக்கார வாலிபன் ஊருக்கு வந்தான் என்றால் போதும், நம் பெண்ணுக்கு ஆவானா என்ற கணக்கு. கணவரோ புத்தக அறையில் அமர்ந்து அவரைக் கேலி செய்கிறார். நாமும் கணவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். ஆஸ்டினும் அந்த அம்மாளைக் கேலியாகத்தான் வரைந்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆயினும் அவர் கேலியோடு கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார். தொடர்களில் கேலி தங்கியது, கணக்கு கரைந்துவிட்டது.

அந்தக் கணக்கைப் பார்ப்போமா? பென்னட் குடும்பத்தின் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுன் வருமானம். (பவுன் என்றதும் நமக்கு நகைக்கடை நினைவு வரும், இங்கே அது அவர்கள் நாட்டுப் பணம்.) ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்கே போகும்படி முன்னோர் எழுதி வைத்துவிட்டனர். மகன் இல்லை. ஆகவே தந்தை கண்ணை மூடிய மறுநாள் வீடு, நிலம், தோட்டம் அனைத்தும் காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்கு. தாய்க்கும் ஐந்து பெண்களுக்கும் மிஞ்சுவது 5,000 பவுன் மட்டுமே. அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு பெண்ணுக்கு ஆயிரமாகப் பிரியும். நூற்றுக்கு நான்கு வட்டி என்றால் ஒருத்திக்கு ஆண்டுக்கு 40 பவுன். எலிசபெத்தைப் பெண் கேட்கும்போது காலின்ஸே இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறான்! டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுன் என்பது நினைவிருக்கட்டும்.

ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்த ஐந்து பெண்களைக் குறிக்காது, வேறு ஐந்து குற்றங்களைக் குறிக்கும் என்று நயமாகப் பொருள் சொல்வோரும் இருக்கிறார்கள். எப்படியானாலும் ஆஸ்டினுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் எண்ணி ஐந்து பெண்களையே கொடுத்திருக்கிறார்.

இனி அந்தப் புத்தக அறைத் தந்தையைக் கவனியுங்கள். நகைச்சுவையாகப் பேசுகிறார், எலிசபெத்திடம் பாசமாக இருக்கிறார். நமக்கு மிகவும் பிடித்துப்போகிறது. நாவலில் ஆசிரியர் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறார். மணமான புதிதில் அவர் சேமிக்கவே இல்லை. எப்படியும் ஒரு மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் அந்த வாரிசுக் கட்டை உடைத்துவிடலாம் என்று நம்பினார். ஐந்தும் பெண்ணாகப் போன பிறகு, சேமிக்கக் காலம் கடந்துவிட்டது. வருமானம் முழுவதையும் ஆண்டுதோறும் செலவழித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தவர் யார்? நாம் சிரிக்கிறோமே, அந்த அம்மாள்தான். அவர் வழி நயமில்லாத வழி, ஒப்புக்கொள்கிறேன். அச்சம் நியாயமானது.

"அக்கா, அது இங்கிலாந்துக் கதைதானே, அதுவும் கற்பனை" என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கற்பனையின் வேர் ஒன்று நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஜேன் ஆஸ்டினின் தந்தை ஜார்ஜுக்கு ஒரு தமக்கை இருந்தார். பிலடெல்பியா என்று பெயர். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்துவிட்டனர். தம்பியை ஆக்ஸ்போர்டு வரை படிக்க வைத்தார்கள். அக்காளை 1745-ல், பதினைந்தாம் வயதில், லண்டனில் தொப்பியும் உடை அலங்காரமும் செய்யும் கடையில் தொழில் பழக அனுப்பினார்கள். கையில் சீதனம் இல்லாத பெண்ணை அங்கே யார் மணப்பார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆங்கிலேயர் இங்கே நிறைய இருந்தனர். அவர்களுக்கு மணப்பெண்கள் குறைவு. 1752 ஜனவரியில் பிலடெல்பியா கப்பலேறினார். ஆறு மாதத்துக்கு மேல் கடலில். ஆகஸ்டில் சென்னைத் துறையில் வந்து இறங்கினார். 1753 பிப்ரவரியில் கடலூரில் டைசோ சால் ஹான்காக் என்ற கம்பெனி மருத்துவருக்கு மனைவியானார். இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஆறு மாதம். மணமகனைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த காலம் அதற்குள் அடங்கும்.

கடலூரில் ஆங்கிலேயருக்குப் புகலிடம் தந்த கோட்டை எது? தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை. அதை 1690-ல் ஆங்கிலேயருக்கு விற்றவர், அப்போது நம் செஞ்சிக்கோட்டையில் இருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராம்! பீரங்கியால் சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உங்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். அவ்வெல்லைக்குள் அடங்கியவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. பிலடெல்பியா வந்து இறங்கிய 1752-ல் செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதே ஆண்டு ஆங்கிலப் படை ஒன்று இக்கோட்டையைப் பிடிக்க வந்து தோற்றுத் திரும்பியது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! கோட்டைக்குள் கல்யாண மகால் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, இங்கிருந்து விழுப்புரம் வழியே போனால் வந்துவிடும் கடலூரில், பெற்றோரில்லாத ஓர் ஆங்கிலப் பெண்ணின் கல்யாணம் இப்படி நடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அத்தை 1792-ல் இறந்தார். அதே ஆண்டு, பதினாறு வயதுப் பெண்ணாகிய ஜேன் ஒரு கதை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டார். அதில் அநாதையான ஒரு பெண்ணை உறவினர் இந்தியாவுக்குக் கப்பலேற்றி, தன்னைவிட வயதில் மிக மூத்த ஒருவனுக்கு மணமுடித்துவிடுகிறார்கள். வசதிக்குக் குறைவில்லை, மகிழ்ச்சிதான் இல்லை. அத்தையின் வாழ்வு மருமகளின் கையில் கதையாகிவிட்டது. பதினாறு வயதில் எழுதியது என்பதை மீண்டும் சொல்கிறேன், உங்களிற் பலருக்கு இப்போது அதே வயதல்லவா?

ஜேனின் சொந்த வாழ்விலும் அந்தக் கணக்கு குறுக்கே வந்தது. 1802 டிசம்பரில் பெரிய நிலக்கிழார் வீட்டு வாரிசு ஒருவர் அவரைப் பெண் கேட்டார். மாலையில் சம்மதித்தார், இரவு முழுதும் யோசித்தாரோ என்னவோ, மறுநாள் காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது இருபத்தேழு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸை மணக்கச் சம்மதிக்கிறாளே எலிசபெத்தின் தோழி சார்லட், அவளுக்கும் இருபத்தேழு வயது. தொடர் பார்க்கும்போது 'சீ, அவனையா கட்டிக்கொண்டாள்' என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆஸ்டின் முகம் சுளிக்கவில்லை. மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அனுபவித்தவர். 1805-ல் தந்தை இறந்ததும் தாயும் இரு பெண்களும் சகோதரர்கள் தரும் தொகையை எதிர்பார்த்து வாழ்ந்தனர். சொந்தமென்று ஒரு வீடில்லாமல் ஊர் ஊராக இருந்தனர். 1809-ல்தான் ஒரு சகோதரர் சிறு வீடொன்று கொடுத்தார். 1811-ல் வெளிவந்த முதல் நாவலில் அவருக்குக் கிடைத்த லாபம் 140 பவுன். தம் கையால் அவர் சம்பாதித்த முதல் பெருந்தொகை அது.

அந்த முதல் நாவல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. அதன் இரண்டாம் அத்தியாயம் ஒன்றுக்காகவே அம்மையாருக்குச் சிலை வைக்கலாம் என்பேன். சாகும் தறுவாயில் தந்தை, முதல் மனைவியின் மகனாகிய ஜானை அழைத்து, உன் சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். அவனும் வாக்களிக்கிறான். தங்கைக்கு ஆயிரமாக 3,000 பவுன் தருவோம் என்று மனத்துக்குள் முடிவும் செய்கிறான். பிறகு மனைவி பேசுகிறாள். அவ்வளவு எதற்கு என்கிறாள். சரி, ஆளுக்கு 500. அதுவும் அதிகமோ? சிற்றன்னைக்கு ஆண்டுக்கு 100 கொடுத்தால் என்ன? அவர் நெடுநாள் இருந்துவிட்டால்? அப்படியானால் அவ்வப்போது 50 அனுப்புவோம். அதுகூட எதற்கு? வீடு மாற ஒத்தாசை செய்து, பருவத்தில் மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்பினால் போதாதா? போதும் என்று முடிகிறது. 1995-ல் வந்த திரைப்படம் இதை அருமையாகக் காட்டியது. திரைக்கதை எழுதிய எம்மா தாம்சனுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது தகும். பி.பி.சி. 2008-ல் எடுத்த தொடரோ, ஒருவன் ஒரு பெண்ணை மயக்கும் காட்சியோடு தொடங்குகிறது. எது கதையின் வாசல் என்பதில் இருவருக்கும் எவ்வளவு வேறுபாடு!

இதில் நம் தமிழ்ப்படம் ஒன்றை நான் மனமாரப் பாராட்டுவேன். ராஜீவ் மேனன் இயக்கி 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இந்த நாவலின் தழுவல்தான். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்காள் தங்கை, ஸ்ரீவித்யா தாய், மம்மூட்டி காலிழந்த இராணுவ அதிகாரி. வசனத்தில் சுஜாதாவின் கை. தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டிருப்பார்கள்! பாட்டுக்காகவே பார்த்தவர்கள், சொத்துக் கதையையும் கவனித்தீர்களா? தாத்தா உயிலில் எல்லாவற்றையும் மகனுக்கே எழுதி வைத்துவிடுகிறார். காரணம், மகள் அவர் விருப்பத்துக்கு மாறாகத் தன் இஷ்டப்படி மணந்துகொண்டாள். ஆங்கில நாவலில் பெண்களை வெளியேற்றியது ஒரு சிறு பையனின் மழலையில் மயங்கிய கிழவரின் ஆசை. தமிழில் அது அப்பாவின் கோபம். இந்த மாற்றம் நம் ஊரை அறிந்தவர் செய்த மாற்றம். வீட்டை விட்டுச் சென்னைக்கு வரும் சௌம்யா வேலை தேடிப் படிப்படியாக உயர்கிறாள். ஆஸ்டினின் எலினாருக்கு இல்லாத வழி அது. இதற்கு மாறாக 2004-ல் வந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' தழுவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்ற படத்தில் (முதற்சொல்லுக்கு அங்கே மணப்பெண் என்று பொருள்) குடும்பம் அமிர்தசரஸுக்கு வந்தது, ஆட்டமும் பாட்டும் வந்தன, நிலம் கைமாறும் முடிச்சு மட்டும் வரவில்லை. ஆகவே அதில் தாய் வெறும் கோமாளி.

இப்போது சட்டம் மாறிவிட்டதே என்பீர்கள். உண்மை. 1989-ல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தம், அதுவரை மணமாகாத இந்துப் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதத்தையும் நீக்கியது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறிஸ்தவக் குடும்பங்களில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே பிரியும்.

சட்டம் இவ்வளவு தந்த பிறகு, விடுதலைப் பத்திரம் என்று ஒன்று வருகிறது. கேள்விப்பட்டிருப்பீர்கள். உனக்குத்தான் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்றே, சீர் செய்தாயிற்றே, அண்ணனுக்கு எதிராகவா நிற்பாய், நாளைக்குத் தாய்வீட்டு வாசல் வேண்டாமா என்று பேச்சு தொடங்கும். சொல்லுகிறவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். ஜானும் கெட்டவன் அல்லன். மூன்றில் ஒரு பங்கு ஓரிரு இலட்சம் ரூபாயாகும், அது பாதியாகும், பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கொள்கிறோம் என்றாகும், கடைசியில் ஓர் ஆரணிப் பட்டுச் சேலையும் ஒரு வேளைச் சாப்பாடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை கையெழுத்திட்டு, கைரேகையும் வைத்துவிட்டு வெளியே வருகிறாள். மீனும் வேட்டை இறைச்சியும்தான், வேறென்ன? நிலத்தை மனமொப்பி அண்ணனுக்குக் கொடுக்கும் தங்கைகளும் உண்டு. கணக்குத் தெரிந்து கொடுப்பது அது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கொடுப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

வரதட்சணையும் அப்படியே. 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆஸ்டின் கதையில் லிடியாவை இழுத்துக்கொண்டு ஓடிய விக்கம் எப்படி அவளை மணக்கச் சம்மதித்தான்? டார்சி மறைவாகச் சென்று, ஆயிரம் பவுனுக்கு மேற்பட்ட அவன் கடனை அடைத்து, லிடியாவின் பேரில் இன்னும் ஆயிரம் வைத்து, இராணுவத்தில் பதவியும் வாங்கிக் கொடுத்தார். தொடரில் இது டார்சியின் காதலுக்குச் சான்றாக வருகிறது. காதல்தான், சந்தேகமில்லை. அந்தக் காசைப் பெற்றுக்கொண்டு தாலி கட்டிய மாப்பிள்ளைக்கு நம் தெருவில் என்ன பெயர் சொல்வோம்?

ஆகவே, விடுமுறையில் இத்தொடரை மீண்டும் பார்க்கப்போகும் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். காலின்ஸ் முதன்முதலாக விருந்தாளியாக அந்த வீட்டுக்கு வரும் காட்சி வரும். கூடத்தையும், சாப்பாட்டு அறையையும், மேசை நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நன்றாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது என்று புகழ்வான். யாருடைய வீட்டையாவது ஒருவர் புகழ்ந்தால் அந்த வீட்டம்மாளுக்கு மகிழ்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? அந்த நேரத்தில் அவனைப் பார்க்காமல் திருமதி பென்னட்டின் முகத்தைப் பாருங்கள்.